மூடிய பக்கத்தைத் திறந்தவர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடிய இணையப் பக்கம் மறுபடி திறக்கும் என்பதை எனக்குக் காட்டியது எங்கள் மேனேஜரின் இடது கை. கல் மோதிரம் போட்ட அந்தக் கை தோளுக்கு மேலாக வந்து, அனுமதி கேட்காமல் விசைப்பலகையில் இறங்கும்.

அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த வருடம் அது. புனேயில், ஔந்த் பக்கம் இருந்தது எங்கள் அலுவலகம். அவர் காலடி கேட்டால் போதும், வரிசை முழுக்க கன்ட்ரோல்-டபிள்யூ தட்டும் சத்தம் எழும். கிரிக்கெட் ஸ்கோரும் வேலை தேடும் தளமும் நொடியில் மறையும். மற்ற மேனேஜர்கள் பார்த்தும் பாராமல் போவார்கள். இவர் நின்று, குனிந்து, மூன்று விரல்களால் அழுத்துவார். மூடியவை கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வர, தலைப்பை உரக்க வாசிப்பார். கோயம்புத்தூர்க்காரர். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் அளந்து பேசுகிறவர், தமிழர்களான எங்களிடம் மட்டும் ஊர்ப்பேச்சில் குழைவார். மானத்தை வாங்கும்போதும் மரியாதை குறையாது. எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது.

என் பக்கத்து இருக்கை, புனேயை ஒட்டிய தேஹு ரோட்டிலிருந்து வரும் அக்காவுடையது. அப்பா ராணுவ டிப்போவில் வேலை பார்த்ததால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பிம்ப்ரி தொழிற்சாலையில் கணவருக்கு வேலை போயிருந்தது. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதுவும் ஒப்பந்த வேலை. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், நீண்ட விடுப்பில் போகக்கூடியவர்கள்தான் முதலில் என்ற பேச்சு கான்டீன் வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா முழுகாமல் இருந்தார். முன்பு இரண்டு முறை கலைந்திருந்ததால் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. “மூணு மாசம் ஆகட்டும். அது வரைக்கும் வாயைத் திறக்காத, ஹான்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஒரு நாள் மதியம் மேனேஜர் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. அக்கா கன்ட்ரோல்-டபிள்யூ தட்டியதை மட்டும் பார்த்துவிட்டார்.

“ஏனுங்கம்மணி, இத்தனை அவசரமாச் சாத்தறீங்க?”

கை இறங்கியது. லோக்கல் ரயில் நேரம் திறந்தது. “அவ்ளோதான் சார்,” என்றார் அக்கா. மேனேஜர் இன்னொரு முறை அழுத்தினார். இளஞ்சிவப்பில் ஒரு பக்கம் விரிந்தது. பத்தாவது வாரம், உங்கள் குழந்தை என்று தலைப்பு. வழக்கம்போல் தலைப்போடு நிறுத்தவில்லை. விரல்கள் பிரிவதையும் நகம் முளைப்பதையும் நிதானமாக வாசித்து முடித்துவிட்டுக் கைதட்டினார்.

“நல்ல சேதியப் போயி இப்புடி மூடி வெக்கலாமுங்களா?”

பிறகு தளம் முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் அறிவித்தார். கீழே கடைக்கு ஆளனுப்பிப் பேடா வாங்கிவரச் செய்து, முதல் பேடாவைத் தன் கையாலேயே அக்காவிடம் கொடுத்தார். எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். அக்கா அதை வாயில் வைத்து வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார்.

இன்று என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள், கணினியில் தடயம் விடாத ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் பின்னால் போய் நான் நிற்பதே இல்லை.

பேடா கொடுத்த அடுத்த வாரமே அக்காவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். காரணம் சொல்லவில்லை. மேசையிலிருந்த சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கினார். நானும் கூடப் போனேன். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். அக்கா அவர் முன் நின்று, “சார், எட்டாவது மாசம் வரைக்கும் ஒரு நாள் லீவு போட மாட்டேன் சார். வீட்ல வேற சம்பளமே இல்ல,” என்றார்.

“ஐயோ, வெயிட்டெல்லாம் தூக்கப்படாதுங்கம்மணி,” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். தானே சுமந்து போய் ஆட்டோவில் வைத்தார். அக்கா ஏறி உட்கார்ந்ததும், பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டும்படி டிரைவரிடம் இந்தியில் சொன்னார்.