நாலு வயசு ஸ்டெல்லா

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் பேரனையும் பேத்தியையும் மிருகங்கள் பார்க்க உயிர் காலேஜுக்கு அழைத்துப் போனேன். ஐந்து வயதுக்குள் ரயிலில் டிக்கெட் வேண்டாம். ஸ்டெல்லாவுக்கு ஆறு. தாம்பரம் ஸ்டேஷனிலேயே, "யார் கேட்டாலும் நாலு வயசுன்னு சொல்லணும் கண்ணு" என்று இரண்டு தடவை சொல்ல வைத்துப் பார்த்தேன்.

குரங்குக் கூண்டருகே பேரனின் தொப்பியை ஒரு குரங்கு பிடுங்கியது. அந்தக் களேபரம் முடிந்து திரும்பினால் ஸ்டெல்லாவைக் காணோம்.

வாசலுக்கு ஓடினேன். "ஆறு வயசுப் பொண்ணுப்பா, பார்த்தியா?"

காவலாளி உதட்டைப் பிதுக்கினார். "ஆறு வயசுல யாரும் வர்ல சார். ஆபீஸ்ல ஒரு கொழந்த கீது, அதுக்கு நாலு வயசாம்."

"அது இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பேரனை இழுத்துக்கொண்டு கூண்டு கூண்டாகத் தேடினேன். முதலைத் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அங்கே நிற்கும்போதுதான் அந்த நாலு வயது எனக்கு உறைத்தது.

ஆபீஸ் பெஞ்சில் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவள், ஓடி வந்து என் காதோடு சொன்னாள்: "எல்லாரும் கேட்டாங்க தாத்தா. நான் நாலுன்னுதான் சொன்னேன்."

திரும்பும்போது அவளுக்கும் டிக்கெட் எடுத்தேன்.

"இப்ப எனக்கு எத்தனை வயசு தாத்தா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அதையே சொல்லத் தயாராக நின்றாள்.