வெளிச்சத்தில் ஓடும் கப்பலும் வராத கப்பலும்

தீவு தீவாகப் போய் விஞ்ஞானம் பேசுவதுதான் என் அரசாங்க உத்தியோகம். பேச்சு ஒரு மணி நேரம், கப்பலுக்குக் காத்திருப்பது பத்து நாள். வெளியூர் டியூட்டியில் நொந்துபோனவர்களே, உங்களுக்கு இது புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த தலைப்பு சூரியப் பாய்க்கப்பல். கண்ணாடி போல் மின்னும் மெல்லிய பாயை விண்வெளியில் விரித்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கலத்தைத் தள்ளும். இது ஆகுமா, ஆகாதா என்று ஜனங்களுக்கு விளக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் பே

கிளம்ப வேண்டிய கப்பல் நான்கு நாளாகப் போர்ட் பிளேர் ஜெட்டியிலேயே நின்றது. மெட்ராஸிலிருந்து ஏதோ உதிரிபாகம் வர வேண்டுமாம். பொழுது போகாமல், எஞ்சின் ரூமில் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்துக்காரரிடம் என் பேச்சை ஒத்திகை பார்த்தேன். கையெல்லாம் கிரீஸோடு கடைசிவரை கேட்டார்.

"எஞ்சினே இல்லையா சார்? அப்ப ரிப்பேரும் இல்ல. மொதல்ல நம்ம ரூட்ல விடச் சொல்லுங்க."

கார் நிக்கோபார்

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நூலில் தொங்கவிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். அசையவில்லை. அசையாது என்று எனக்கும் தெரியும். ஒரு சதுர கிலோமீட்டர் பாய் விரித்தாலும், வெளிச்சம் தள்ளுவது ஒரு கிலோ அரிசியின் கனம் அளவுக்குத்தான். ஆனால் ஓயாமல் தள்ளும், வேகம் ஏறிக்கொண்டே போகும் என்றேன். முன்வரிசையில் இருந்த ஓவர்சியர், மதுரைக்காரர், எழுந்தார்.

"அரே சாப், அவ்வளவு பெரிய பாயா? ஒழுகுற கோடவுனுக்கு ஒரே ஒரு தார்ப்பாய் கேட்டு மெயின்லேண்டுக்கு எழுதி வருஷம் ஒண்ணு ஆச்சு!"

கேம்பல் பே

இங்கே கேட்டவர்கள் பெரும்பாலும் குடியேறிய முன்னாள் ராணுவத்தினர். கூட்டம் கலைந்த பிறகு, வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவரின் மனைவி கனகம் தயங்கித் தயங்கி வந்தார். ஊரில் அவருடைய அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"அந்தக் கப்பல் போனா திரும்பி வருமா சார்?"

"வரும்மா. பாயைச் சாய்த்துப் பிடித்தால் சூரியன் பக்கமே திரும்பலாம். வருஷக்கணக்காகும்."

"வருஷமானாலும் வரும்னு சொல்றீங்க. எங்க கப்பல் என்னைக்கு வரும்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க."

ஐந்தாம் நாள் கப்பல் வந்தது. இடம் எல்லாம் நிரம்பிவிட்டது. என் பெயரில் ஒன்று இருந்தது. அதைக் கனகம் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த கப்பல் வரும்வரை அதே ஊரில் அதே பேச்சை இன்னும் மூன்று முறை பேசினேன். கேட்டவர்களே திரும்பக் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஹவில்தாரைப் போர்ட் பிளேரில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட பாத்துட்டா சார். அவங்க அம்மா கண்ணத் தொறந்து, 'எப்படி வந்தே?'ன்னு கேட்டாங்களாம்."

சூரிய வெளிச்சத்தில் கப்பல் ஓட்டுவது சாத்தியமே என்றும், டீசலில் ஓட்டுவது பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.