வியாழக்கிழமை சேவு

சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அசன் முகம்மதுவின் மனைவி கைருன்னிசாவுக்கு நாற்பத்து மூன்று வயது. எடை எண்பத்தெட்டு கிலோ. மாடிப்படி ஏறினால் முட்டி விண்விண்ணென்று வலித்தது. ஒருநாள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள்.

டாக்டரம்மா மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. "ஒரு நோட்டு போடுங்க. வாயில போடுற அம்புட்டையும் எழுதுங்க. சாப்பிடும்போது பசிச்சுச்சா இல்லையான்னும் எழுதணும்" என்றார்.

அச்சாபீசில் அட்டை கோணலாக ஒட்டிப்போன 2007 டைரிகள் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து ஒரு வாரம் எழுதினாள். காலையில் இட்லி இரண்டு, மதியம் சோறு ஒரு கரண்டி, ராத்திரி தோசை இரண்டு. டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "இம்புட்டுத்தான் சாப்பிட்டீகன்னா நீங்க இங்கன வந்திருக்கவே மாட்டீக."

கைருன்னிசாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினாள். இடியாப்பத்துக்குத் துருவும்போது தேங்காய்ப்பூ ஒரு பிடி. மகள் அப்ரின் தட்டில் மிச்சம் வைத்த முட்டை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோறு. பசி என்ற இடத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றே விழுந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அசன் முகம்மதுவுக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து போனில் ஓர் ஆர்டர் வந்தது. குறித்துக்கொள்ளத் தாள் தேடியவர் கைக்கு டைரி அகப்பட்டது. பிரித்த பக்கத்தில் இப்படி இருந்தது:

'வியாழன். காராச்சேவு இரண்டு கை. பசி இல்லை. பிடிக்கவும் பிடிக்காது. அவுக ஆசையா வாங்கிட்டு வந்தாக.'

ஆர்டர் எழுதுவதை விட்டுவிட்டு முந்தின வியாழனைப் பார்த்தார். அதற்கும் முந்தினதைப் பார்த்தார். எல்லாம் அதேதான். கல்யாணமான மாதத்திலிருந்து, வியாழன்தோறும் வசூலுக்குச் சாத்தூர் போய்த் திரும்பும்போது அரைக்கிலோ சேவு வாங்கிவருவார். அவள் முதல் கை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

அடுத்த வியாழன் வெறுங்கையோடு வந்தார்.

"அத்தா, சேவு எங்க?" என்றாள் அப்ரின்.

"கடை பூட்டியிருந்துச்சு."

அந்தக் கடை பூட்டி யாரும் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைய கணக்கை எழுத டைரியைத் திறந்த கைருன்னிசா, பழைய பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மை அப்பிய கட்டைவிரல் ரேகையைப் பார்த்தாள். போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டைரியப் பாத்தீகளா?"

"ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல, கைரு?"

"முதத் தடவை பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தீக. பொட்டலம் இன்னும் சூடா இருந்துச்சு. நல்லாயிருக்குன்னு சொல்லிப்புட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல நேரம் வாய்க்கல."

"இருபத்திரண்டு வருசத்துலயா?"

கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, உனக்கு என்னதான் பிடிக்கும்?"

அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. "வெள்ளரிப்பிஞ்சு. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுலயே விப்பாகளே."

"நான் வாராவாரம் தாண்டிப் போற கூடைக்காரம்மாதான்!"

மறுவாரம் ஒரு பை நிறைய வந்தது. இருவரும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றார்கள். அவருக்கு வெள்ளரி பிடிக்கவில்லை. இரண்டாவது துண்டிலேயே சொல்லிவிட்டார்.

அந்த வருடக் கடைசிக்குள் கைருன்னிசா ஏழு கிலோ குறைந்தாள். டாக்டரம்மா பத்து எதிர்பார்த்திருந்தார். முட்டிவலி மழைக்காலத்தில் மட்டும் எட்டிப் பார்த்தது. அசன் முகம்மது இப்போதெல்லாம் பஸ் ஏறுமுன் செல்போனில் கூப்பிடுகிறார்.

"இன்னைக்கு என்ன வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வேணாம். வெயில்ல சுத்தாம வாங்க" என்பாள் சில நாள். அதையும் நம்பலாமா என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வார்.