சங்கமித்ரா இறக்கச் சொன்ன லோடு

வியாசர்பாடி குடியிருப்பில் அவர்கள் பிளாக்கிலேயே வேதியியல் படித்துத் தேறிய முதல் பெண் சங்கமித்ரா. எட்டாவதோடு நின்றுபோன அவள் அண்ணன் வல்லரசு, காலடிப்பேட்டையில் ஒரு கேன் தண்ணீர் கம்பெனியில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஓசோன் கருவி ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளி ஆறுமுகநயினாரிடம் நடையாய் நடந்து, அங்கேயே அவளைச் சோதனைக்கூட வேலையில் சேர்த்துவிட்டான்.

2004 கோடை. கம்பெனிக் கிணறு வற்றி, கடலோரக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. மூடியைத் திறந்ததும் ஓசோன் வாசம் அடித்தால்தான் கடைக்காரர்களுக்கு நம்பிக்கை. லாரித் தண்ணீர் ஆயிற்றே என்று வல்லரசு ஒரு நாள் ஓசோன் அளவைக் கூட்டும் குமிழை நான்கிலிருந்து ஏழுக்கு ஏற்றினான். ஏற்றிய நேரத்தையும் வழக்கம்போல நோட்டில் குறித்தான்.

உப்பேறிய தண்ணீரில் புரோமைடு இருக்கும், ஓசோன் பட்டால் அது புரோமேட்டாக மாறும் என்பது சங்கமித்ராவுக்குத் தெரியும். அன்று காலையும் மாலையும் மாதிரி பிடித்து, கிண்டியில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். நான்காம் நாள் முடிவு வந்தபோது, சாத்தாங்காட்டுக்குப் போகும் கேன்கள் வண்டியில் ஏறியிருந்தன.

"இறக்குங்க," என்றாள்.

"இன்னாம்மா, வாசம் கும்முனு கீது. இதவிட சுத்தமா யாரு தருவா?" என்றான் வல்லரசு.

"வாசம் மூக்கோட போயிடும்ணா. இந்த புரோமேட்டு வயித்துக்குப் போவுது. கொதிக்க வெச்சாலும் போவாது. வருசக்கணக்கா குடிச்சா கேன்சர் வரலாம்னு சொல்றாங்க. சாயங்கால பாட்டில்ல மட்டும் அளவுக்கு மேல ரெண்டரை மடங்கு கீது. அன்னிக்கு இன்னா மாத்துன?"

வல்லரசு நோட்டைப் புரட்டி, ஏழுக்கு ஏற்றிய நாளின் பக்கத்தை எடுத்தான். வண்டியோட்டி அம்புரோஸ் அவன் காதருகே குனிந்தான். "மாமு, அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு. லாரிக்காரன் மேல போட்ரலாம். இல்லன்னா உன் வேல காலி."

கிழித்தால் வேலை தங்கும். ஆனால் தங்கச்சி சொல்வதற்குச் சாட்சி இருக்காது. அதே தண்ணீர் நாளையும் போகும். ஆறுமுகநயினார் வந்ததும் வல்லரசு நோட்டை நீட்டினான்.

"யாருவே இதக் கூட்டுனது?"

"நான்தான் மொதலாளி. மத்தியானம் ரெண்டே காலுக்கு."

சங்கமித்ரா மாதிரி பாட்டில்களில் நேரம் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளை நோட்டோடு ஒப்பிட்டுக் காட்டினாள். நான்கில் பிடித்த காலை மாதிரி வரம்புக்குள், ஏழில் பிடித்தது வெளியே. முதலாளி இரண்டு தரம் படித்தார்.

"தப்பு பண்ணுனாலும் எழுதி வச்சிருக்கியே. அதுக்காக விடுதேன்வே. கொண்டுபோய்க் கொட்டு. இனி நாலத் தாண்டக் கூடாது. கடைகள்ல கெடக்கதயும் திருப்பிக் கொண்டா."

அண்ணன் என்று பார்த்து அவள் அன்று வாய் மூடியிருந்தால், எத்தனை வீட்டுக்குத் என் கையால் அந்தத் தண்ணீரை அனுப்பியிருப்பேன் என்று வல்லரசு இன்றும் நினைப்பதுண்டு. நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனதில் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வான்.

மறுவாரம் சாத்தாங்காட்டுக் கடைக்காரர் ஒருவர் கேனை முகர்ந்து முகம் சுளித்தார். "இன்னாபா, வாசமே காணோம்?"

"என் தங்கச்சி பாத்து அனுப்பிச்ச தண்ணி நைனா," என்றான் வல்லரசு. "நம்பிக் குடி."