குளத்துக்குப் புதுத் தண்ணீர்

முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் லாபிரை மிஞ்சிய ஆள் கிடையாது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். யுத்தம் முடிந்து ஊருக்குப் போகலாம் என்றான பிறகும், "என்ட இறாலை ஆர் பாக்குற?" என்று இங்கேயே தங்கிவிட்டார். குளத்தில் நுரை திரண்டால் தண்ணீர் கெட்டுவிட்டது. பழசைத் திறந்துவிட்டுப் புதுசு பாய்ச்ச வேண்டும். அவர் படித்த படிப்பு அதுதான்.

இருதயம் பலவீனம் என்று மருந்து தொடங்கிய வருசம், சிறுநீரில் நுரை கண்டார். மனைவி றுக்கியாவிடம் மட்டும் சொன்னார்.

"கிட்னி பழுதாகுது புள்ள. டொக்டர்ட்ட வாய் திறக்காத, மிசின்ல போட்டு ரத்தம் கழுவுவாங்க. தண்ணிய மாத்தினாச் சரி."

றுக்கியா நம்பினாள். ஒரு குளத்தையும் சாகவிடாத மனுசன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? ஜக்கு ஜக்காக ஊற்றிக் கொடுத்தாள். அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது.

"இன்னும் கொஞ்சம் குடிங்க" என்றாள். பாவி, அன்பாகத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் விசயம் வெளியே வந்ததும் டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நுரைய ஏன் மறைச்சீங்க? இருதயம் தளர்ந்தா அதுவே ஒரு ஓமோனைச் சுரக்கும். உப்பையும் தண்ணியையும் வெளியேத்து எண்டு சிறுநீரகத்துக்குச் சொல்றதுக்கு. அதோட புரதமும் கசியலாம், அதுதான் நுரை. அந்த இருதயம் தண்ணிய இறைக்கப் பாடுபடுது, நீங்க ஊத்திக்கொண்டே இருந்திருக்கிறீங்க!"

அத்தனை ஜக்கும் றுக்கியா தன் கையால் ஊற்றியது.

அன்றிலிருந்து முழு நாளுக்கும் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான். லாபிர் நாக்கு வறண்டு கெஞ்சினார்.

"ஒரு மடக்குத் தா புள்ள. அல்லாட பேரால கேக்கிறன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், கொடுக்கவில்லை. டொக்டரைக் காணும்போதெல்லாம், "கொஞ்சம் கூட்டிக் குடுக்கவா?" என்று கேட்டாள். "கூடவே கூடாது" என்று அவர் கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆள் பிழைப்பார் என்றுதானே கத்துகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கேட்கவில்லை. டொக்டரே பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உம்மா, இனி அவர் கேக்கிறளவு தண்ணி குடுங்க."

றுக்கியாவுக்கு விளங்கிவிட்டது. இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதைத்தான் அவர் சொல்லிவிட்டுப் போகிறார்.

கோப்பையை நிரப்பிக்கொண்டு போனாள். லாபிர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"தண்ணி இனிக்குது புள்ள. டொக்டர் விட்டுட்டாரா?"

"ஓம்" என்று மறுபடியும் நிரப்பினாள். "இன்னும் கொஞ்சம் குடிங்க."