தோற்ற படைத்தலைவனுக்காக வாதாடியவன்

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவிலிருந்து மெல்பர்ன் செல்ல மூவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்தது. அம்மூவரில் ஒருவனாவேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மதுரையில் பதினான்கு வயது முதல் மேடையேறியவன் நான். உரையை எழுதி, மனனம் செய்து, மூச்சு விடும் இடங்களைக்கூடக் குறித்துவைத்துப் பேசப் பழகியவன்.

சீட்டுக் குலுக்கியதில் நான் ஆதரித்து வாதாட வாய்த்தவர் ஓர் அமெரிக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அடிமைமுறையைக் காக்கத் தென் மாநிலங்கள் நடத்திய போரில் படைத்தலைவராக இருந்து தோற்றவர். பின்னர் அரசியலில் நுழைந்து சட்டமன்றம் சென்றவர். மக்களை ஆள அவர் தகுதியுடையவரே என்று நான் நிறுவ வேண்டும்.

யாழ்ப்பாணத்து அறைத்தோழன், கண்ணாடி முன் நான் ஒத்திகை பார்ப்பதைக் கண்டு சிரித்தான்.

"அடிமை வச்சிருந்தவனுக்கு நீ அப்புக்காத்தோ, மச்சான்?"

"வக்கீல் மாதிரிதான். எந்தக் கட்சி குடுத்தாலும் பேசுறவன்தான்டா பேச்சாளன்."

"அப்ப அவன் செய்த மற்ற வேலையளையும் சொல்லுவியோ?"

நூலகத்தில் அதையும் படித்திருந்தேன். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களிக்க இயலாதவாறு சட்டம் இயற்ற முன்னின்றவர் அவர். என் உரையின் ஓட்டத்துக்கு அது இடையூறு, விட்டுவிட்டேன்.

போட்டியில் என் குரல் கணீரென்று எழுந்தது. போர்க்களத்தில் அவர் பட்ட காயத்தை வருணித்தபோது அரங்கம் அடங்கிக் கிடந்தது. அப்போது எதிரணி மாணவி, விதி அனுமதித்தபடி, எழுந்து இடைமறித்தாள்.

"அவர் இன்று இங்கிருந்தால், உங்களை இந்த மேடையில் பேச விடுவாரா?"

நான் வளர்ந்த மேடைகளில் பேசுபவனை எவரும் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. விடை எனக்குத் தெரியும். ஆயினும் நாக்கு, மனனம் செய்த அடுத்த வரிக்குத் தானாகப் போய்விட்டது: "அவருடைய பெருந்தன்மைக்கு எல்லையே இல்லை."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பின் மீதே எஞ்சிய நான்கு பத்திகளையும் ஒப்பித்து முடித்தேன்.

மறுநாள் ஒட்டப்பட்ட பட்டியலில் என் பெயர் இல்லை.

"வடிவாத்தான் கதைச்சனி," என்றான் தோழன். "அவள் கேட்டதுக்கு 'இல்லை' எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தோத்திருப்பேன்டா."

"இப்ப?"

தேர்வான மூவரும் மெல்பர்ன் சென்ற வாரம் முழுவதும் அறையில் அமர்ந்து, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை எழுதினேன். நேர்மையாகவே தொடங்குவேன். மூன்றாம் வரியில் எதுகை வந்து சேரும். அடுக்குமொழி தானே விழும். எத்தனை தாள்களைக் கிழித்தாலும், ஒவ்வொன்றும் அந்தப் படைத்தலைவனுக்குப் புகழுரையாகவே முடிந்தது.