பெட்டியில்லாமல் வந்த ரிவி

"ரிவியின்ரை பில்லைத் தாங்கோ."

என்னைக் கட்டப்போகிறவரிடம் நான் கேட்டது இதைத்தான். கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று தரம் சொல்லியிருந்தா. ஞாயிறு பூசை முடிந்து, எங்கள் ஹோலில், அவர் கையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையோடு இருக்கும்போதே கேட்டேன்.

சுபாஸ் சிரித்தார். "பரிசு தந்தவனிட்டை ஆரும் பில் கேப்பினமே?"

"வொறன்ரிக்கு வேணும்."

"குடுத்து ஒரு கிழமைகூட ஆகேல்லை. அதுக்குள்ளை என்ன பழுது?"

"ஆரும் தொடாமல் தானாய்ப் போடுபடுது."

கோப்பை உதட்டருகில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "மாமி, கம்பஸ் படிச்ச பெட்டையெண்டால் உப்பிடித்தான். ரிவிக்கும் சோதனை வைப்பா."

அம்மா தேவைக்கு அதிகமாகச் சிரித்தா. மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினா.

பில் வரவில்லை.

இனி நான் எழுதுவது நடந்தது. சோடித்துச் சொல்ல எனக்கு வராது. நான் புள்ளிவிபரவியல் படித்தவள், எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள். அந்த ஆறு நாளும் என்ன நேரத்தில் என்ன நடந்தது என்று வேலைக் கொப்பியில் குறித்து வைத்தேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம். உங்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் றஜிதா. குருநகர். அப்பா இல்லை, அம்மா யசிந்தா கரையில் மீன் வாங்கி விற்று என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினா. நாலு வருடம் அங்கேதான். விடுமுறைக்குக்கூட ஒழுங்காக வரவில்லை. படிப்பு முடித்து வந்ததும் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை. வந்து மூன்று மாதத்தில் இந்தச் சம்பந்தம். போட் எஞ்சின் கடை வைத்திருக்கிறவர், குடியில்லை, சீதனம் கேட்கவில்லை என்றார்கள். கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பாக எங்கள் பெயரை ஒரு ஞாயிறு வாசித்தும் விட்டார்கள்.

ரிவி புதன்கிழமை வந்தது. ஐம்பத்தைந்து இஞ்சி. ஸ்மார்ட் ரிவி. பெயர் கேள்விப்படாத ஒரு கொம்பனி. பெரிசு, ஆனால் மலிவு. படுக்கை விரிப்பில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"பெட்டி எங்கை?" என்றேன்.

"மழையிலை நனைஞ்சு போச்சு."

மழை பெய்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றித்தான் அதற்கு இடம் விட்டோம். போட்டால் படம் வர ஒரு நிமிடம் எடுக்கும். சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் வரும். இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பு வராது, சாம்பல்தான் வரும். திரையின் மேல் மூலையில் ஒரு வட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் ஆர் எழுத்து.

"பாத்தியே, உன்ரை பேரையும் போட்டுத் தந்திருக்கிறார்," என்றா அம்மா.

அவர் போகும்போது சொன்னார், "கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலை ஏன்? காதிலை மெசினை மாட்டிக்கொண்டு ஊர்பேர் தெரியாதவங்களோடை கதைக்கிறது... வீட்டிலையிருந்து ரிவியைப் பாரும். அதுக்குத்தான் பெரிசாய் எடுத்தது."

நான் அந்த ரிவிக்கு இணையம் கொடுக்கவில்லை. கோபம்தான் காரணம். வீட்டில் இணையம் என்றால் என் டொங்கிள் ஒன்றுதான். அதன் பாஸ்வேர்ட் அம்மாவுக்கும் தெரியாது. அதனால் ஸ்மார்ட் ரிவியில் நாங்கள் பார்த்தது சாதாரண செய்தியும் நாடகமும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன், பின்னேரம் 3.10. அம்மா கரையில். நான் அறைக்குள் வேலையில். ஹோலில் 'டிங்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். யாரும் போடாமலே ரிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செத்தவீடு. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலையில் எடுப்பார்களே, அப்படி ஒரு வீடியோ. பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி இருந்து அழுகிறார்கள். சத்தம் இல்லை. கீழே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு. இணையம் இல்லாமல் இது எப்படி என்று நினைத்தபடி நிறுத்தினேன்.

வெள்ளி, 3.10. டிங். அதே செத்தவீடு. சிவப்புக் கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

சனிக்கிழமை சட்டை தைக்க என்னையும் அம்மா கூட்டிப் போய்விட்டா. வீட்டைப் பூட்டித்தான் போனோம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து ரிவியைப் போட்டேன். கோடு மேலும் நகர்ந்திருந்தது.

பூட்டிய வீட்டுக்குள் யாரோ இருந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

அதுதான் ஞாயிறு நான் பில் கேட்ட காரணம்.

திங்கள், 3.05. கதிரையைப் போட்டு ரிவிக்கு முன்னால் இருந்தேன். 3.10க்கு டிங். பெட்டியை வீட்டுக்கு வெளியே தூக்கினார்கள். கமரா வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பனரைக் காட்டியது. செல்வி நீக்கிலாப்பிள்ளை றொசாந்தி. கொழும்புத்துறை. வயது 26. திகதி போன ஆவணி. நான் பேராதனையில் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்த மாதம்.

ஆர் எழுத்து என்னுடையது இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அன்றிரவு அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "எணை, ஆரெணை றொசாந்தி?" என்றேன்.

கத்தி நின்றது. "எனக்கென்ன தெரியும்? ஊரிலை எத்தினை றொசாந்தி."

"கொழும்புத்துறை றொசாந்தி."

"தெரியாதெண்டுறன்! விசர்க் கேள்வி கேக்காமல் போய்ப் படு."

செவ்வாய், 2.55. ரிவியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினேன். பிளக்கை என் மடியில் வைத்துக்கொண்டேன். கதவு, யன்னல் எல்லாம் திறந்து விட்டேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம்.

3.08. துருவும் சத்தம் நின்றது.

3.09. ஒன்றுமில்லை.

3.10.

டிங்.

பிளக் என் மடியில்தான் இருந்தது...

படம் கறுப்பாக வந்தது. சாம்பல் இல்லை, கறுப்பு. அந்த மலிவுத் திரையால் காட்டவே முடியாத கறுப்பு. நடுவில் மட்டும் நீளமாக ஒரு வெளிச்சச் சதுரம். அதற்குள் மழை இருட்டிய வானம். சதுரத்தின் நாலு கரையிலும் ஈர மண்.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது.

கமரா குழிக்குள் இருந்தது. கீழே இருந்து மேலே பார்த்தது.

ஒருவர் குனிந்தார். பிடி மண்ணைப் போட்டார். எங்கள் சனம் எல்லாரும் கடைசியில் செய்வதுதான். ஆளுக்கு ஒரு பிடி.

பொத்...

ஐந்து நாளாகச் சத்தமில்லாத வீடியோ. இப்போது சத்தம் வந்தது. தகர டப்பாச் சத்தம் இல்லை. என் நெஞ்சில் விழுந்தது.

பொத்... பொத்...

ஒரு வயதானவர் குனிந்தார். அழுது குலுங்கினார். அவருடைய கண்ணாடி கழன்று திரையை நோக்கி விழுந்தது. நான் முகத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.

அடுத்தது ஒரு பெண். தலையில் கறுப்பு நெற் முக்காடு.

பிடி மண்ணைப் போட்டு, சிலுவை அடையாளம் போட்டா.

அம்மா.

என்னுடைய அம்மா.

அவவுக்குப் பின்னால், குழி விளிம்பில், மண் எடுக்காமல் ஒருவன் போனை நோண்டிக்கொண்டு நின்றான்.

சுபாஸ்.

பிறகு மண்வெட்டிகள். பொத். பொத். பொத்...

கறுப்பு.

சிவப்புக் கோடு கடைசிவரை போனது. பிறகு மெதுவாக... தொடக்கத்துக்குத் திரும்பி வந்து நின்றது.

அவள் திரும்பவும் பார்க்கப்போகிறாள்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று குறிப்பில் இல்லை. என் கொப்பியில் எழுதாமல் விட்ட ஒரே நேரம் அது. அம்மா வந்தபோது ஆறு மணி இருக்கும். மீன் பெட்டியை இறக்கவும் விடவில்லை நான்.

"நீ அவளின்ரை செத்தவீட்டுக்குப் போனனீ."

அம்மா ரிவியைப் பார்த்தா. தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். போனனான். ஊரே போனது."

"அவனுக்குப் பேசி வச்ச பெட்டையோ?"

"அது முடிஞ்ச கதை."

"அவள் செத்து இன்னும் ஒரு வருசமில்லை. அவளுக்குக் குடுத்த ரிவியை எனக்குக் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் உனக்குத் தெரியும். அதுதான் பில்லைக் கேக்காதை, பில்லைக் கேக்காதையெண்டு..."

"சொல்லியிருந்தால் நீ ஓமெண்டிருப்பியே?" அம்மா கத்தினா. "சீதனமில்லாமல் ஆரடி கட்டுறது? என்னட்டை என்ன கிடக்கு, மீன் செதிலோ? ஊரெல்லாம் சொல்லாமல் இருந்தது உன்ரை நன்மைக்குத்தான். கோயிலிலை பேர் வாசிச்சாச்சு. இனி வாயை மூடிக்கொண்டு இரு!"

ஊரெல்லாம். சம்பந்தம் பேசி வைத்தவர், தையல்காரி, பூசைக்கு வரும் பெண்கள், கலியாணப் பெண் என்று என் கன்னத்தைத் தடவியவர்கள். அத்தனை பேரும் அந்தக் குழியில் மண் போட்டவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பேய்க்குப் பயமா என்று கேட்பீர்கள். அன்றிரவு எனக்குப் பேய்க்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னது அது ஒன்றுதானே.

புதன் காலை கொழும்புத்துறைக்குப் போனேன். நீக்கிலாப்பிள்ளையின் வீடு என்றதும் காட்டினார்கள். வலை காயப்போட்ட முற்றம். அவர் வெளியே வந்தார். திரையில் குனிந்த அதே முகம். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை?"

"சுபாசுக்குப் பேசியிருக்கிற பெட்டை ஐயா."

காலடியில் கிடந்த வலையை ஒதுக்கி வழி விட்டார். பிறகு, "உள்ளுக்கு வா," என்றார்.

ஹோல் மூலையில் ஒரு பெரிய மட்டைப் பெட்டி இருந்தது. ஐம்பத்தைந்து இஞ்சி ரிவியின் படம் போட்ட பெட்டி. அந்தக் கேள்விப்படாத கொம்பனியின் பெயர். மேலே மடித்த சட்டைகள், புத்தகங்கள்.

"அவளின்ரை சாமான். வேறை பெட்டி இருக்கேல்லை," என்றார். "அவன் தந்த மோதிரம், சீலை, ரிவி எல்லாத்தையும் முப்பத்தோராம் நாள் பூசையோடை திருப்பிக் குடுத்திட்டம். செத்த பிள்ளையின்ரை வீட்டிலை மாப்பிள்ளை வீட்டுச் சாமான் நிக்கக்கூடாதெண்டு எங்கடை சனம் சொல்லும். பெட்டியை மட்டும் அவன் கேக்கேல்லை."

"எப்பிடிச் செத்தவ?"

"கிணத்துக்குள்ளை கிடந்தாள். கால் தவறினதெண்டு பொலிசிலை எழுதினவை." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "போன் கடையிலை வேலை. விடச் சொல்லிக்கொண்டே இருந்தவன் சுபாஸ். 'வீட்டிலையிருந்து ரிவியைப் பார்' எண்டு. இவள் விடேல்லை. அண்டைக்கும் வந்து கத்திப்போட்டுப் போனவன். மூண்டு மணி போலை. அவன் போய்ப் பத்து நிமிசத்திலை நான் கிணத்தடிக்குப் போனன்..."

 

பிறகு நான் சொன்னேன். ரிவியில் பார்த்தது முழுவதையும். மூலையில் கிடந்த ஆர் எழுத்து, வீடு, பனர், குழி, மண். விசரி என்று துரத்துவார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடி விழுந்ததைச் சொன்னபோது மட்டும் அவருடைய கை தானாக மூக்குக்குப் போனது. அங்கே கண்ணாடி இல்லை.

"அது ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். "மழைக்குள்ளை ஒருத்தரும் காணேல்லை. அவளோடை கிடக்கட்டுமெண்டு நான் எடுக்கேல்லை. இண்டைவரைக்கும் வேறை போடவுமில்லை."

"வீடியோவிலை தெளிவாய்த் தெரிஞ்சது ஐயா."

"எந்த வீடியோ பிள்ளை?"

"செத்தவீட்டு வீடியோ. பிரான்சுக்கோ எங்கையோ நேரலை குடுத்திருப்பியள்தானே..."

"குடுத்தனாங்கள். வீட்டிலையிருந்து கோயில் வாசல்மட்டும். அதோடை மழை பிடிச்சிட்டுது. கமராக்காரர் நனையுமெண்டு திரும்பிப் போயிட்டார்." அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "சேமக்காலைக்குள்ளை, குழியடியிலை, ஒருத்தரும் படம் எடுக்கேல்லை பிள்ளை. ஒரு போனாலைகூட எடுக்கேல்லை."

முற்றத்தில் வலை காற்றில் அசைந்தது.

நான் எழும்பினேன்.

"என்ன செய்யப்போறாய்?"

"முதலிலை கோயில் சுவாமியிட்டைப் போய் எங்கடை பேரை இனி வாசிக்கவேண்டாமெண்டு சொல்லப்போறன். பிறகு அவன் தந்ததெல்லாம் திருப்பி அவனிட்டை."

"ரிவியுமோ?"

"ரிவிதான் முதல். அவன்ரை வீட்டு ஹோலிலை நானே கொண்டுபோய் வைப்பன்."

அவர் தயங்கினார். "அதுக்குள்ளை அவளின்ரை பேர் இன்னும் கிடக்கோ பிள்ளை? கிடந்தால்... அழிச்சுப்போட்டுக் குடன்."

"இல்லை ஐயா," என்றேன். "நான் அழிக்கமாட்டன்."

படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.